மன்றோ எண்ணிய பள்ளிகளும் நம் பதினோரு இலக்க எண்ணும்



"சார், பக்கத்தில் இருக்கிற உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? அரசாங்க இணையதளத்தில் அந்தப் பள்ளியின் விவரமெல்லாம் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று இந்தக் கோடை விடுமுறையில் பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன். பதிவு நீளம்தான். பள்ளியை எண்களால் எடை போடும் இந்த வேலைக்கு 200 வருட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு நுனி நம் ராயக்கோட்டைப் பக்கமும் தொடுகிறது.

நம் மலைக்கோட்டையை 1791-ல் மேஜர் கௌடியின் படை திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தது. வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், மறந்திருக்க மாட்டீர்கள். மறு வருடம் உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. நிலத்தை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழு வருடம் இந்தப் பகுதியில் ஊர் ஊராகச் சுற்றியவர். எதையும் வயல் வயலாக, ஆள் ஆளாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இங்கேதான் ஊறியது என்பது என் எண்ணம்.

அந்த மன்றோ பிறகு சென்னைக்கு கவர்னர் ஆனார். 1822 ஜூன் 25-ல் ஒரு குறிப்பு எழுதி, மாவட்டக் கலெக்டர்கள் எல்லோரும் தங்கள் பகுதியில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, எத்தனை வருடம் படிக்கிறார்கள், என்ன புத்தகம், வாத்தியாருக்கு என்ன சம்பளம் என்று கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். திண்ணைப் பள்ளிகள்தான் அன்றைய பள்ளிகள். கணக்கு வந்து சேர வருடங்கள் ஆயின. 1826 மார்ச் 10-ல் மன்றோ அதைத் தொகுத்து எழுதினார்: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941.

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் அவரைப் பற்றி எழுத மாட்டேன். மக்கள்தொகைக்கு இத்தனை பள்ளி என்று சொல்வது போதாது, பள்ளி வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும் என்றார். ஆண்களில் ஒன்பதில் ஒரு பங்கு ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவர்கள் என்று வைத்தால் ஏறக்குறைய 7,13,000 பேர். பள்ளிக்கு வந்த சிறுவர்கள் 1,84,110. நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல். வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர் இருக்கலாம் என்று ஊகித்தார். சென்னை நகரத்திலிருந்து வந்த கணக்கில் வீட்டில் படிப்பவர்கள் பள்ளியில் படிப்பவர்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் என்று இருந்தது. இதில் பிழை இருக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்தார். பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மேலே உள்ள எண்களைக் கழித்து நீங்களே பாருங்கள். நெஞ்சு கனக்கும்.

பின்னம் நடத்தும்போது நான் சொல்வேனே, தொகுதியை மட்டும் பார்த்து ஏமாறாதே, கீழே பகுதி என்ன என்று கேள் என்று. மன்றோ கேட்டது அதைத்தான். பின்னால் வந்தவர்கள் பலர் கேட்கவில்லை.

1854-ல் வுட் அறிக்கை வந்தது. தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு பணம் தரலாம், பதிலுக்கு அரசு வந்து சோதிக்கலாம் என்ற ஏற்பாடு அதிலிருந்து தொடங்கியது. இன்றைய உதவி பெறும் பள்ளிக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. அமெரிக்காவில் 1991-ல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் போட்டுத் தொடங்கிய சார்ட்டர் பள்ளிகளும் ஏறத்தாழ இந்த ஜாதிதான். பணம் பொதுமக்களுடையது, நிர்வாகம் வேறொருவருடையது. ஆகவே 'இந்தப் பணத்துக்கு என்ன நடந்தது?' என்ற கேள்வி இரண்டு இடத்திலும் கூடவே பிறந்தது.

அதற்குச் சுலபமான விடை ஒன்றை 1862-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். 1860களிலேயே அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, திண்ணைப் பள்ளிகள் வரை இறங்கியது. விளைவை யாரும் ஊகிக்கலாம். வாசகப் புத்தகம் தலைகீழாக மனப்பாடம் ஆனது. தேறாத பிள்ளை பள்ளிக்கு நஷ்டம் ஆனது. இங்கிலாந்தில் இன்ஸ்பெக்டராகவே வேலை பார்த்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் வருடா வருடம் இதைக் கண்டித்து எழுதினார். இங்கே 1904-ல், கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம்தான் அதைக் கைவிடச் சொன்னது. நாற்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் 'நஷ்டக் கணக்கில்' போனார்களோ!

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். அது வளர்ந்துதான் இன்றைக்கு ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க யூடைஸ் எண். அதைத் தட்டினால் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம் எல்லாம் வரும். பிள்ளை என்ன கற்றான் என்பது வராது. எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2019-ல் அறிவித்துவிட்டு 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள், நல்ல வேளை. தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் எட்டாம் வகுப்பையும் சோதித்தது. ஆனால் அது மாவட்டத்துக்குத்தான் அறிக்கை தரும், உங்கள் தெருப் பள்ளிக்குத் தராது.

கையில் இருப்பதை வைத்து என்ன பார்க்கலாம்? முதலில் ஆசிரியர்–மாணவர் விகிதத்தைக் கண்டு மயங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒரு கற்பனைப் பள்ளி: எட்டு வகுப்பு, 60 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள். விகிதம் 15, பார்க்கப் பிரமாதம். ஆனால் ஓர் ஆசிரியர் தலையில் இரண்டு வகுப்பு. ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு வகுப்பு ஜன்னலைப் பார்க்கும். நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். சட்டமே அதைக் கேட்கிறது.

அடுத்தது, மூன்று வருட எண்களைக் குறுக்காகப் படியுங்கள். இந்த வருட ஆறாம் வகுப்பையும் இந்த வருட எட்டாம் வகுப்பையும் ஒப்பிடாதீர்கள். முந்தின முந்தின வருடம் ஆறில் 40 பேர், இந்த வருடம் எட்டில் 31 பேர் என்றால் ஒன்பது பேர் எங்கே? நம் பக்கத்தில் அப்பா அம்மா ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ போனால் பிள்ளையும் டி.சி. வாங்கிக்கொண்டு போவான். அது பள்ளியின் குற்றமில்லை. தக்காளி மண்டியில் கூடை தூக்கப் போயிருந்தால் அது வேறு. அதுவும் போதாது. 31 என்பதில் பீகாரிலிருந்து ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர் ஐந்து பேர் இருந்தால், போனவர்கள் ஒன்பது பேர் அல்ல, பதினான்கு பேர். மொத்த எண் இதை மறைத்துவிடும். தலைமை ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். சேர்க்கைப் பதிவேடு வைத்திருப்பவர் அவர்தான். கேட்டவுடன் பெயர் பெயராகச் சொல்கிற தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளி என்றால் எனக்குப் பாதி திருப்தி.

ஆகஸ்ட் 1 நிலவரப்படி இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகிறது என்பதையும் மறக்க வேண்டாம். எண் குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி. தலைக்கு இவ்வளவு என்ற பழைய மானியத்தின் வாசம் இதிலும் அடிக்கிறது.

"அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கெட்டிக்காரர்கள், அதனால் நல்ல பள்ளி" என்பதும் எனக்கு ஒப்பாது. கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்திருக்கலாமே? 2008-ல் ஆந்திராவில் 180 கிராமங்களில் ஒரு சோதனை தொடங்கினார்கள். தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை, குலுக்கலில் விழுந்தவர்களுக்கு. கிடைத்த பிள்ளையும் கிடைக்காத பிள்ளையும் ஒரே மாதிரி வீடு. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு தரப்பும் சமம். இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னே. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009-ல் ஒவ்வொரு சார்ட்டர் மாணவனுக்கும் அதே மதிப்பெண்ணில் தொடங்கிய, அதே வசதியுள்ள ஒரு ஜோடியை அரசுப் பள்ளியில் தேடி ஒப்பிட்டார்கள். கணக்கில் 17 சதவீதப் பள்ளிகள் மேல், 37 சதவீதம் கீழ், மீதி 46 சதவீதம் வித்தியாசமே இல்லை. அடுத்தடுத்த ஆய்வுகளில் நிலைமை முன்னேறியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுநிலைப் பள்ளிக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. எட்டு வரை தூக்கி வளர்த்த பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் உயர்நிலைப் பள்ளியின் கணக்கில் ஏறும். பேனரும் அங்கேதான் கட்டுவார்கள். ஆகவே பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்: அந்தப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகள் வரும்போது எப்படி வருகிறார்கள்? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழ்ப் பத்தி ஒன்றைத் திக்காமல் வாசிக்கிறானா, வகுத்தல் கணக்கு வருகிறதா என்று அவர் உடனே சொல்லிவிடுவார். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு, மூன்று வருட எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு முடிவெடுங்கள். நேரம் இருக்கிறது.