பெட்டியடிப் பையனும் பத்தாம் வகுப்பும்

பணத்தைப் பெருக்கும் தொழிலுக்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்கு மிகவும் பிந்தி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பர்மா, மலாயா, இலங்கை எங்கும் கடை வைத்த நாட்டுக்கோட்டை நகரத்தார் அதைக் கேட்டதில்லை. அவர்களுக்கென்று தனிப் படிப்பு இருந்தது.

சிறுவன் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பிப்பான்; முந்திரி, காணி, மா என்று பின்னங்களை மனக்கணக்காகவே பெருக்கப் பழகுவான். பிறகு உறவினர் கடையில் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை, கடிதம் நகலெடுப்பது, வசூலுக்குப் பெரியவர்களோடு போவது என்று சில வருடம் கழியும். அதன்பின் அடுத்தாள், அதற்கும் மேலே ஏஜெண்ட். நாள்வழியில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை போடத் தெரியாதவன் மேலே போக முடியாது. ஏஜெண்டைப் பெரும்பாலும் மூன்று வருடத் தவணைக்கு அனுப்புவார்கள். தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்தால் சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு உண்டு. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஆளைத் தெரிந்தவர்கள் ஜாமீனாக நின்றதால் மதிப்பெண் பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தப் படிப்பிலும் ஓட்டை இருந்தது. 1929–30 பர்மா வங்கி விசாரணைக் குழு, செட்டியார்கள் அங்கே போட்டிருந்த முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நெல் நிலத்தை நம்பிக் கொடுத்த கடன். நெல் விலை சரிந்ததும் பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. 1938-க்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் கைக்குப் போயிருந்தது. வட்டியை மாகாணி பிசகாமல் போட்டவர்கள், எல்லாம் ஒரே பயிரின் மேல் நிற்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அன்றைய உயர்நிலைப் பள்ளியும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்காது என்பது வேறு விஷயம்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு கல்விக்கே போனது. 1929-இல் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. 1937-இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். உறவு வட்டத்தைத் தாண்டி ஆள் எடுக்க வேண்டிய வங்கிகளுக்கு, முன்பின் தெரியாதவரை எடைபோட ஒரு காகிதம் தேவைப்பட்டது. பங்காளி நின்ற இடத்தில் சான்றிதழ் வந்து நின்றது.

சட்டமும் அதே வழியில் போனது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 1992 விதிகள் துணைத் தரகருக்கு 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்டன. அனுபவம் உள்ளவருக்குத் தளர்த்தலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தன. பழைய பெட்டியடிப் படிப்புக்குச் சட்டம் கொடுத்த மரியாதை என்று அதைக் கொள்ளலாம். 2009-இல் தரகு நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட முகவருக்கு 10-ஆம் வகுப்பு போதும் என்றானது. முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெறப் பட்டம் வேண்டும். சொந்தப் பணத்தைப் பங்கில் போடுபவரிடம் யாரும் வகுப்பைக் கேட்பதில்லை. பான் அட்டையும் டீமேட் கணக்கும் இருந்தால் சரி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட நிகில் காமத், அண்ணனோடு சேர்ந்து 2010-இல் பெங்களூரில் ஜெரோதா தரகு நிறுவனத்தைத் தொடங்கியது பலரும் அறிந்தது. ஆனால் அவர் வளர்ந்தது பெருநகரத்தில்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையின் கதை வேறு. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலையூர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததே 1976-இல்தான். பெட்டியடியில் உட்கார்த்தி வைக்க அங்கே கடையும் இல்லை, ஜாமீன் நிற்கப் பங்காளியும் இல்லை. ஆகவே, நகரத்துப் பிள்ளை இல்லாமலும் சமாளித்துவிடக்கூடிய பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அந்த மலையின் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கையில் உள்ள ஒரே அத்தாட்சி. காப்பீட்டு முகவர்களுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகள் இந்த வேற்றுமையை ஓரளவு கண்டுகொண்டன: 5,000 பேருக்குக் குறையாத ஊரில் இருப்பவருக்கு 12-ஆம் வகுப்பு, சிற்றூர்க்காரருக்கு 10-ஆம் வகுப்பு. பின்னாளில் எல்லோருக்குமே 10 என்றாகிவிட்டது.