மலையுச்சியில் ஒருவன்

இரண்டாம் உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் கட்டளைகளைச் சுமந்தோடிய படைத்தூதர்களின் நினைவுகளைப் படிக்குந்தோறும், நம்மூரில் நடந்த ஒரு போர் என் மனத்தில் எழும். 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளிக்காக நிகழ்ந்த அப்போரில், அப்பணியை ஹர்க்காரா எனப்பட்ட ஓட்டக்காரர்கள் செய்தனர்.

மலைக்கோட்டை உச்சியில் தொலைநோக்கியுடன் ஓர் ஆளை ஆங்கிலேயர் எந்நேரமும் நிறுத்தியிருந்தனர். பகைவரின் அசைவுகளை அவன் சைகையாலும் எழுத்தாலும் கீழே அறிவித்து வந்ததாக ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் எழுதுகிறார்.

எதிர்த்தரப்புக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1752 ஏப்ரலில் லாரன்சும் கிளைவும் துணைப்படையோடு வந்துசேர, பிரெஞ்சுத் தளபதி லா, சந்தா சாகிபுடன் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவில் ஒதுங்கினார். கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாசறை அமைத்துப் புதுச்சேரிச் சாலையை மறித்தார். உணவோடு கடிதமும் தடைப்பட்டது.

லாவுக்கு உதவியாக டியூப்ளே அனுப்பிய படையைத் தடுக்கக் கிளைவ் ஊட்டத்தூர் நோக்கிப் புறப்பட்டார். அச்செய்தி லாவுக்கு எட்டிற்று. அப்படை பின்வாங்கவே கிளைவ் உடனே திரும்பிவிட்டார், அச்செய்தி எட்டவில்லை. சமயபுரத்தில் சிலரே இருப்பர் என நம்பி, லா அன்றிரவே ஐரோப்பியர் 80 பேரையும் சிப்பாய்கள் 700 பேரையும் ஏவினார். அவ்வைரோப்பியருள் பாதிப்பேர் ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள். காவலர் வினவியபோது, லாரன்ஸ் அனுப்பிய துணைப்படை என்று ஆங்கிலத்திலேயே விடை வந்தது. உள்ளே விட்டுவிட்டனர்! வெடியோசை கேட்டு விழித்த கிளைவோ, தம்மவரே வீணாகச் சுடுகின்றனர் என்றெண்ணிப் பகைச் சிப்பாய்களிடையே புகுந்து அதட்டினார். அன்றிரவு இருதரப்பும் குருடு. விடிந்தபின் கோயிலுக்குள் இருந்தோர் சரணடைந்தனர். ஓடிய சிப்பாய்களைக் கொள்ளிடம் சேருமுன் மராட்டியக் குதிரைவீரர்கள் வெட்டி வீழ்த்தினர்.

லாவின் பிழை அத்துடன் நிற்கவில்லை. திருவரங்கக் கோபுரங்களின் மேலிருந்து பார்த்தோர், டால்டன் என்பாரின் படைப்பிரிவு வடக்கே செல்வதைக் கண்டு கிளைவின் படையென மயங்கினர். (இன்று ஓங்கிநிற்கும் தெற்கு இராஜகோபுரம் அன்று மொட்டைக் கோபுரம், 1987இல்தான் நிறைவுற்றது.) லா துணிந்து ஆற்றைக் கடக்க, எதிரே கிளைவே வந்துநின்றார்.

1752 ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதியை நம்பிச் சென்ற சந்தா சாகிபு தலையிழந்தார்.

லாரன்ஸ் எழுதிய போர்க்குறிப்புகள் 1761இல் இலண்டனில் நூலொன்றில் இடம்பெற்றன. டியூப்ளேயின் கடிதங்களும் எஞ்சியுள்ளன. அக்கடிதங்களை மடியில் மறைத்துக் கொள்ளிடத்தை நீந்தியவர்கள் எதுவும் எழுதவில்லை. தொலைநோக்கியோடு மலையுச்சியில் நின்றவன் தமிழனா, ஆங்கிலேயனா என்பதைக்கூட ஓர்ம் சொல்லாமல் விட்டுவிட்டார்.