கோஷா மருத்துவமனை முதல் நம் குப்பங்கள் வரை: மருத்துவத் துறையில் தலைமை ஏற்ற பெண்மணிகள்

 

பழவேற்காட்டின் வரலாறு என்றதும் மரக்கலங்களையும், துணி வணிகத்தையும், டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டையையும் பற்றியே நாம் பேசுகின்றோம். ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளைப் பேற்றின்போது உயிரை விட்ட தாய்மார்களுக்குக் கல்வெட்டும் இல்லை, கல்லறை வாசகமும் இல்லை. அத்தாய்மார்களுக்காக மருத்துவம் கற்று, மருத்துவமனைகளை நிறுவி, அவற்றுக்குத் தலைமையும் ஏற்ற பெண்மணிகளின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம். பழம்பெருமை பேசுவது மட்டும் நம் நோக்கமன்று. இவ்வரலாற்றிலிருந்து நம் ஜமாஅத்தின் முன் ஒரு கேள்வி எழுகின்றது. அதனை இறுதியில் வைக்கின்றோம்.

மதீனாவின் கூடாரம்

பெண்கள் மருத்துவப் பணியை முன்னின்று நடத்துவது புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல் நடைபெற்ற அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் அன்னாரை ருஃபைதா (ரலி) எனும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அக்கூடாரம் பள்ளிவாசலின் வளாகத்திலேயே அமைந்திருந்தது. காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கும் பொறுப்பு அப்பெண்மணியிடமே இருந்தது. பள்ளிவாசலையும் பெண்களின் மருத்துவப் பணியையும் இணைக்கும் இந்நிகழ்ச்சியை நாம் மறந்துவிடலாகாது.

சென்னையில் திறந்த கதவு

சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக் கொண்டது. அக்காலத்தில் இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் கற்பதற்குப் பெரும் எதிர்ப்பு இருந்தது. சென்னையில் இதற்கு ஆதரவாக நின்றவர் தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபர் ஆவார். திருவல்லிக்கேணியில் முகமதியப் பொது நூலகம் 1850இல் தோன்றக் காரணமாக இருந்தவரும் இவரே.

அந்நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான தம் கணவருடன் சென்னைக்கு வந்த இவ்வம்மையார், ஆண் மருத்துவரிடம் செல்ல விரும்பாத முஸ்லிம், இந்துப் பெண்கள் சிகிச்சையின்றித் துன்புறுவதை அறிந்தே மருத்துவம் கற்க முன்வந்தார். 1878இல் சென்னையில் தேர்ச்சி பெற்று, பின்னர் லண்டனில் பட்டமும் பெற்றுத் திரும்பினார். 1885இல் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுவே கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாகும். கோஷா எனும் பாரசீகச் சொல்லுக்கு மூலை, தனித்த இடம் என்பது பொருள். பர்தா முறையைப் பேணும் பெண்களை அச்சொல் குறித்தது.

மருத்துவமனை 1890இல் சேப்பாக்கத்துக்கு மாறியது. கட்டடத்திற்கு வேங்கடகிரி அரசர் பெரும் பொருளுதவி செய்தார். அதனருகே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயே வடக்கே நம் பழவேற்காட்டு ஏரியையும் சென்றடைகின்றது. அக்கால்வாய் இன்றைய பெயரைப் பெற்றதும், மேரி ஷார்லீப் தேர்ச்சி பெற்ற அதே 1878இல்தான்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெண்களின் நாணமும் பர்தாவும் மருத்துவத்திற்குத் தடை என்று பலர் குறை கூறினர். ஆயின் நடந்தது வேறு. ஆண்கள் நுழைய இயலாத மருத்துவமனை என்றால், அங்கே செவிலியர் மட்டுமன்று, அறுவை மருத்துவரும் பெண்ணாக இருத்தல் வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஆகவே பெண்களுக்குக் கிட்டிய தலைமை எவரும் இரங்கித் தந்த சலுகையன்று. சமுதாயத்தின் தேவை பெற்றெடுத்த தலைமையாகும்.

பின்னாளில் ஆந்திர நாட்டு விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் இம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். வெளிநாட்டார் தொடங்கியதை நம் நாட்டுப் பெண்மணி ஏற்று நடத்தினார். அன்னாரே 1948இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் தலைமை ஏற்றார்.

ஓரிரவில் மூன்று உயிர்கள்

வேலூர்க் கல்லூரியின் வரலாறும் நம் சமுதாயத்தைத் தொட்டுச் செல்வதே. ஐடா ஸ்கடர் எனும் இளம்பெண் 1890களில் திண்டிவனத்தில் மருத்துவரான தம் தந்தையுடன் தங்கியிருந்தார். ஓரிரவில் மூவர் தனித்தனியே வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியைக் காப்பாற்ற வேண்டினர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தந்தையை அழைத்துச் செல்லுமாறும் ஐடா கூறினார். அந்நிய ஆடவரை அனுமதிக்க மூவரும் இசையவில்லை. விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

அவ்விரவு ஐடாவை மருத்துவராக்கியது. 1899இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் வேலூரில் தொடங்கினார். தாம் ஒருவர் ஆயிரம் பேருக்குச் சிகிச்சை அளிப்பதைவிட, ஆயிரம் ஊர்களுக்கு மருத்துவர்களை உருவாக்குவதே மேல் என்பது அவர் கண்ட உண்மை.

புதுக்கோட்டையில் பிறந்த தலைவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் என்பதால் கல்லூரியில் இடம் பெறவே போராட வேண்டியிருந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நோயாளியைக் குணப்படுத்துவதோடு அவர் அமையவில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகித் தாய்மார், குழந்தைகள் நலனுக்காக வாதாடினார். தம் தங்கையைப் புற்றுநோய் கொண்டுசென்ற துயரத்தை மனத்திற்கொண்டு, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். தொடக்கத்தில் அங்கே 12 படுக்கைகளே இருந்தன. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதனைத் தம் இல்லமாகவே கொண்டு, உலகம் அறிந்த நிறுவனமாக உயர்த்தினார். ஏழைத் தாய்மார்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்றும் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையே தாங்கியுள்ளது.

இன்றைய நிலை

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மருத்துவப் பணியாளர்களில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். உயர் பொறுப்புகளிலோ நூற்றுக்கு 25 பேரே. நம் குப்பங்களின் நிலையும் இதுவே. வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பவர் பெண். தடுப்பூசி போடுபவர் பெண். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்குக் கொண்டு வரும் தன்னார்வலரும் பெண்ணே. உழைப்பு அவர்களுடையது, முடிவெடுக்கும் நாற்காலி பெரும்பாலும் பிறருடையது.

நாற்காலியில் யார் அமர்ந்தால் என்ன என்று கேட்கலாம். கடலுக்குச் சென்ற கணவன் திரும்பும் வரை மருத்துவமனைக்குப் புறப்படத் தயங்கும் பெண்ணின் நிலைமையை, மார்பில் தோன்றிய கட்டியை மகனிடமும் சொல்லக் கூசும் தாயின் நிலைமையை, அருகிருந்து கண்டவரே அறிவார். அறிந்தவரிடம் அதிகாரம் இல்லையெனில், அந்த அறிவு எவருக்கும் பயன்படாது.

நம் முன் உள்ள கேள்வி

நம் பெண்மக்கள் மருத்துவம் பெறும் உரிமையை நாம் மறுக்கவில்லை. பெண் மருத்துவர்தாம் வேண்டும் என்றும் கேட்கின்றோம். அவ்வாறு கேட்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணை அப்படிப்புக்கு அனுப்பினோமா? பிறர் வீட்டு மகள் நம் மனைவிக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். நம் மகள் மட்டும் பள்ளியிறுதியோடு நின்றுவிட வேண்டும் என்பது நீதியாகாது.

வழிகள் அடைபட்டுக் கிடக்கவில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020 முதல் வழங்கப்படுகின்றன. இவற்றை நம் பிள்ளைகள் அடைய, ஜமாஅத்தின் கல்வி உதவியில் மருத்துவம், செவிலியர், மருந்தாளுநர் படிப்புகளை நாடும் பெண்களுக்கு முன்னுரிமை அளிக்கலாம். பணியில் சேர்ந்தோர் மேற்படிப்புக் கற்றுப் பொறுப்பில் உயரவும் துணை நிற்கலாம். மருத்துவ உதவி கோரி வரும் பெண்களின் மனுக்களைப் பரிசீலிக்கும் பொறுப்பை, படித்த நம் சகோதரியர் சிலரிடம் ஒப்படைப்பதையும் பொதுக்குழு ஆராயலாம்.

திண்டிவனத்து இரவில் இறந்த அந்த முஸ்லிம் பெண்ணின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. நம் ஏரிக்கரையில் அத்தகைய இரவு இனியும் நேராதிருக்க, நம்மால் இயன்றதைச் செய்வோம். எல்லாம் வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.