சுவர்க்கோடும் பஞ்சாங்கமும்

கடலூரில் ஒருவரிடம் மகன் பிறந்தது எப்போது என்று கேளுங்கள். "சுனாமிக்கு அடுத்த வருஷம்" என்பார். வீட்டுக்கு மாடி எடுத்தது தானே புயல் அடிப்பதற்கு முந்தி. பெண்ணைக் கட்டிக்கொடுத்தது வெள்ளம் வந்த வருஷம். எந்த வெள்ளம் என்று நாம் இன்னொரு தரம் கேட்க வேண்டும். 2015, 2021, 2024 என்று மூன்று கைவசம் இருக்கின்றன. சிதம்பரத்தில் அதே கேள்விக்குப் பதில் வேறு மாதிரி வரும்: "ஆனித் தேருக்கு மறுநாள்." எந்த வருஷத்து ஆனித் தேர் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். கடலூர்க்காரருக்கு வருஷம் மறக்காது. சிதம்பரத்துக்காரருக்கு நாள் மறக்காது, வருஷம்தான் வழுக்கும்.

இரண்டு ஊருக்கும் இடையே 45 கிலோமீட்டர் சொச்சம். பஸ் ஏறினால் சிப்காட் வாடை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம், அப்புறம் கோபுரம். நான் கடலூரிலேயே இருந்துவிட்டவன். அக்காவைச் சிதம்பரத்தில் கொடுத்தது. 2024-இல் எங்கள் இருவருக்கும் நேர்ந்தவை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அந்த வருஷத்தைப் பற்றி இருவரும் பேச ஆரம்பித்தால் வெவ்வேறு குடும்பத்துக் கதை போல இருக்கும். நான் அதை இறங்குமுகம் என்பேன். அக்கா ஒரே வார்த்தையில், "நல்ல வருஷம்தாண்டா" என்பாள்.

நடந்தது இவ்வளவுதான். மே மாதம் என் மகள் பிளஸ் டூ தேறினாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைக்கு இடம் கிடைத்தது, அக்கா வீட்டிலேயே தங்கிப் படிக்கிறாள். ஜூன் 17-ஆம் தேதி அப்பா தவறிப்போனார். ஐப்பசியில் அக்கா மகளுக்கு ஆண் குழந்தை. டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை எங்கள் வீட்டுக்குள் வந்தது. இரண்டு நல்லது, இரண்டு கெட்டது. கணக்கில் சரிபாதி. ஒருவருக்கு ஏற்றமாகவும் இன்னொருவருக்கு இறக்கமாகவும் எப்படித் தெரிகிறது?

முதலில் எங்கள் ஊர்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் வருஷம் டிசம்பரில்தான் முடியும், அதுவும் பெரும்பாலும் தண்ணீரில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தெற்கே சாமியார்பேட்டை வரை கடல் ஏறி வந்து மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரத்தில் பேரன் பழம் பறித்துக்கொண்டிருந்த தோப்புகள் அவை. புதுக்கன்று வைத்தவர் காய்ப்புக்கு எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். 2015 நவம்பர் 9-இல் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வீட்டோடு ஆட்களை அடித்துக்கொண்டு போயிற்று. இப்படி ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் இருந்த பதினொரு மாதத்தையும் விழுங்கிவிடும். 2004-இல் ஜனவரியில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

எங்கள் வீடு குண்டு உப்பலவாடிப் பக்கம், ஆற்றுக்கு எட்டின தூரம். கூடத்துச் சுவரில், கதவு நிலையை ஒட்டி, அப்பா தச்சுப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். 2015-க்கு முழங்காலுக்குக் கீழே ஒன்று. 2021-க்கு அதற்கு ஒரு சாண் மேலே ஒன்று. கோட்டின் மேல் தேதி, கீழே "காலை 6 மணி" என்கிற மாதிரிக் குறிப்பு. துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் என்பதால் கையெழுத்து மணிமணியாக இருக்கும். தானேவுக்குக் கோடு கிடையாது. ஓடு பறந்த இடத்தில் மாற்றிய சிவப்பு ஓடுகள்தான் அதற்கு அடையாளம். சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்களிடம் அந்த இரண்டு முழத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார். அதனால் மற்ற சுவரெல்லாம் வெளுத்து, அங்கே மட்டும் பழுப்பாக இருக்கும்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது நாங்கள் தப்பித்தோம் என்றே நினைத்தோம். மழை உள்ளே போய்க் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் தீவாகிவிட்டன. எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சேறு அப்பா போட்ட இரண்டு கோட்டையும் மூடியிருந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன். தச்சுப் பென்சில் எழுத்து லேசில் அழியாது போலிருக்கிறது, இரண்டும் இருந்தன. மூன்றாவதை நான் போட வேண்டியிருந்தது. அவர் மாதிரி மணியெல்லாம் எழுதவில்லை, தேதியோடு விட்டுவிட்டேன்.

இதுதான் என் பக்கத்துக் கணக்கு. ஜூனில் அப்பா, டிசம்பரில் வீடு. மகளின் கல்லூரியும் பேரன் முறையாகிற குழந்தையும் அதற்குள் எங்கோ அடியில் கிடக்கின்றன, சேற்றுக்குள் போன தட்டுமுட்டுச் சாமான் மாதிரி.

அக்கா வீட்டில் சுவரில் ஒன்றும் கிடையாது. சாமி அலமாரியில் பாம்புப் பஞ்சாங்கம் இருக்கும். சித்திரையில் புதிது வந்ததும் அக்கா உட்கார்ந்து ஆறு இடத்தில் பென்சிலால் குறி வைத்துவிடுவாள். நடராசருக்கு வருஷத்தில் அபிஷேகம் ஆறு தரம்தான்: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணி, புரட்டாசி, மாசி மூன்றிலும் சதுர்த்தசி, மார்கழித் திருவாதிரை. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நமக்கு ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள். கோயிலில் அன்றாடம் ஆறு கால பூசை நடப்பதுபோல, தேவர்களின் அந்த ஒரு நாளுக்கு இந்த ஆறு. மார்கழி வைகறை, மாசி காலை, சித்திரை உச்சிவேளை, ஆனி மாலை, ஆவணி இரவு, புரட்டாசி அர்த்தசாமம். ஆக, தில்லையில் ஒரு வருஷம் என்பது விடிந்து அடைகிற ஒரு பொழுது. எங்கள் ஊரில் ஒரே நாள் ஒரு வருஷத்தைத் தின்றுவிடுகிறது. அங்கே ஒரு வருஷமே ஒரு நாளாகச் சுருண்டுவிடுகிறது. அக்காவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்து எதிரெதிராகப் பேசுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வெள்ளம் வடிந்து அவள் பார்க்க வந்தபோது நான் புலம்பிக்கொண்டிருந்தேன். முறத்தால் சேற்றை வாரிக்கொண்டே சொன்னாள்: "கார்த்திகைடா இது. புரட்டாசியோட அர்த்தசாமம் ஆயிடுச்சு, இன்னும் விடியலை. ராத்திரியில நடந்ததை வெச்சு நாளைக் கணக்குப் போடுவியா?" எனக்குக் கோபம்தான் வந்தது. மெத்தை நனைந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

அப்புறம் யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. ஆங்கில ஆண்டு 2024-இல் மார்கழி தரிசனமே இல்லை. முந்தினது 2023 டிசம்பர் 27. அடுத்தது 2025 ஜனவரி 13. நடுவில் ஒரு முழு ஆண்டு, ஜனவரி முதல் டிசம்பர் வரை, திருவாதிரைத் தேர் ஓடாமலே போயிருக்கிறது. நான் அறுத்த இடத்தில் அறுத்தால் அந்த வருஷத்துக்கு விடியலே கிடையாது, சேற்றோடு முடிகிறது. அக்காவின் பஞ்சாங்கத்தில் அது குரோதி வருஷம், சித்திரையிலிருந்து பங்குனி வரை. அதற்குள் ஜனவரி 13 பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. எங்கே அறுக்கிறோம் என்பதில்தான் ஒரு வருஷம் ஏறியதா இறங்கியதா என்பது பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. வருஷக் கடைசியில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கடைசியில் நடந்தது எதுவோ அதுவே மொத்தத்துக்கும் நிறம் பூசிவிடுகிறது.

இப்படிச் சொல்வதால் அக்காவின் கணக்கே சரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவளுக்கு மட்டும் கிடைத்த சௌகரியம். எங்கள் வழக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்தவீட்டுத் தீட்டு மூன்று நாள். கொள்ளி வைத்த மகனுக்கு வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கிடையாது. ஜூலை 12 ஆனித் திருமஞ்சனத்துக்கு அக்கா ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் தீபாவளிக்கு எண்ணெய் வைக்கவில்லை, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சாமிகள் கடலாட வந்தபோதும் நான் கரைக்குப் போகவில்லை. நாள் குறித்து எழுந்து நிற்கச் சொல்கிற ஊர்க் கணக்கு அவளுக்குத் திறந்திருந்தது, எனக்கு அடைத்திருந்தது. மிச்சம் எனக்கு இருந்தது புயல் கணக்குதான்.

அந்தப் புயல் கணக்கிலும் ஒரு நன்மை உண்டு, சிதம்பரத்துக்காரர்களுக்குக் கிடைக்காதது. துக்கத்துக்குத் துணை. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் வாங்க வரிசையில் நின்றபோது "உங்க வீட்ல எவ்ளோ தண்ணி?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. நான் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன், முன்னால் நின்றவர் மார்பைத் தொட்டுக் காட்டினார். விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் தேவனாம்பட்டினத்தில் ஊர்வலமாகப் போய்க் கடலில் பால் ஊற்றும்போது யாருக்கு யார் போனார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அக்காவுக்கு அப்படி இல்லை. தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டே, அப்பா இல்லாத முதல் ஆனியைத் தனியாகக் கடந்திருக்கிறாள். திருவிழா ஊரில் அழுவதற்கு ஒதுக்கின நாள் கிடையாது. இதை அவள் சொல்லவில்லை. என் மகள்தான் சொன்னாள், ராத்திரி அத்தை பின்கட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று.

எங்கள் கணக்கின் கெடுதலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஊர்த் துக்கம் பெரிது என்பதால் வீட்டுத் துக்கம் அதற்குள் கரைந்துபோகும். அம்மா போனது தானே அடிப்பதற்கு நாலு நாள் முந்தி. இன்றுவரை அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு புயலுக்குப் போய்விடும்: கரண்ட் இல்லாமல் கிடந்தது, ஓடு பறந்தது, குடிதண்ணீருக்கு அலைந்தது. அக்கா அதே நாளை "தரிசனத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி" என்பாள். திருவாதிரைக் களி கிண்டும்போதெல்லாம் அம்மா கை பதம் வரவில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிடும். அவள் கணக்கில் அம்மா வருஷா வருஷம் அடுப்படிக்கு வருகிறாள். என் கணக்கில் அம்மாவைப் புயல் கொண்டுபோன மாதிரியே ஆகிவிட்டது, உண்மையில் புயலுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.

ஊரும் அப்படித்தான். 1648 முதல் 1686 வரை நடராசர் சிதம்பரத்திலேயே இல்லை. படையெடுப்புக்குப் பயந்து வெளியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறையே தரிசனம் காணாமல் போயிருக்கும். அந்த 38 வருஷத்தை வைத்து அங்கே யாரும் எதையும் கணக்குப் பண்ணுவதில்லை. கடலூரில் அரைமணி நேரத்து அலையை இருபது வருஷமாகச் சுமக்கிறோம். எது நல்ல ஞாபகம், எது நல்ல மறதி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஊரும் முற்றிலும் வேறு என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. சிதம்பரம் தேரோட்டத்தில் பருவதராஜ குலத்து மீனவர்கள் சிவகாமி அம்மனுக்குப் பிறந்தவீட்டுச் சீர் கொண்டுவருவார்கள்; அம்மன் அவர்கள் குலத்துப் பெண் என்பது நம்பிக்கை. கடல் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் அந்தத் தேருக்கும் சம்பந்தி.

வருஷத் திதிக்கு மறுபடி முட்டிக்கொண்டோம். அப்பா போனது வளர்பிறை ஏகாதசி. எடுத்தது துவாதசியில். "கொடுத்து வெச்சவர்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நான் 2025 ஜூன் 17-ஐக் குறித்து வைத்திருந்தேன். அக்கா பஞ்சாங்கத்தை விரித்தாள்: ஆனி வளர்பிறை ஏகாதசி ஜூலை 6-இல் வருகிறது, ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளி. நடுவில் ஜூலை 2 திருமஞ்சனம். போன வருஷம் திருமஞ்சனத்துக்கு முன்னால் போனவருக்கு இந்த வருஷம் திருமஞ்சனத்துக்குப் பின்னால் திதி. எனக்கு இது புரியவே கொஞ்ச நேரமாயிற்று. ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை, லீவு போட வேண்டாம் என்பதால் ஒத்துக்கொண்டேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கொடுத்தோம்.

அதற்கு முந்தின வாரம் படம் சட்டம் போடக் கொடுத்தபோது கடைக்காரர் மறைவுத் தேதி கேட்டார். நான் 17.6.2024 என்றேன். அக்கா போனிலேயே குறுக்கிட்டு, "குரோதி வருஷம், ஆனி மாசம் 3-ஆம் தேதி, வளர்பிறை ஏகாதசின்னு எழுதச் சொல்லு" என்றாள். அப்பா பிறந்த தேதி எங்கள் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் இருப்பது வாத்தியார் அவர் இஷ்டத்துக்குப் போட்டது. கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். தோற்றம் என்கிற வரியை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் இடம் இருக்கும், எழுத்து கூடுகிறது, ஐம்பது ரூபாய் அதிகம் ஆகும் என்றார்.