வாஞ்சையின் ஜெர்மன் உறவு

திருவனந்தபுரத்தில் ஜெர்மன் படிப்பவர்களில் நர்ஸுகள் நிறைய. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் நர்ஸுகளை வேலைக்கு அனுப்ப ஜெர்மனியோடு 'ட்ரிபிள் வின்' ஒப்பந்தம் போட்ட பிறகு, ஜெர்மன் மொழித் தேர்ச்சியின் பி1 நிலை என்பது வீட்டுப் பேச்சாகிவிட்டது. அந்த நிலையில்தான் விருப்பம் சொல்லும் பாடம் விரிவாக வரும். அதன் தலைச்சொல் 'வுன்ஷ்'. விருப்பம் என்று பொருள்.

இந்த 'வுன்ஷ்' நமக்கு அயல் அல்ல. சமஸ்கிருத 'வாஞ்சா'வும் அதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. மூலத்தில் இருந்த 'ஸ்க்' ஒலி அங்கே 'ஷ்' ஆனது, இங்கே 'ச' வரிசைக்கு வந்தது. மூக்கொலி இரண்டிலும் பிழைத்தது. ஆங்கில 'விஷ்' மட்டும் அதைத் தொலைத்துவிட்டது. ரோமானியரின் வீனஸும் இதே வேரின் மகள்தான்.

வாஞ்சா தமிழுக்கு வந்து வாஞ்சை ஆனபோது வேட்கை தணிந்து கனிவு மிஞ்சியது. வாஞ்சையோடு தலையைக் கோதுகிறோம். வாஞ்சையோடு சோறு கேட்பதில்லை. பழைய தாகம் தமிழ் விவிலியத்தில் மிச்சமிருக்கிறது: 42ஆம் சங்கீதத்து மான் நீரோடையை வாஞ்சிக்கிறது. திருவாரூர் மாவட்டத்து ஸ்ரீவாஞ்சியத்திலும் அதே பொருள்தான். பிரிந்த திருமகளை வாஞ்சித்துத் திருமால் தவம் செய்த தலம் என்கிறது தலபுராணம். பெயருக்குப் பிறகு கட்டிய கதையாக இருக்கலாம். ஆனால் கட்டியவருக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தது. அங்கே இறைவன் வாஞ்சிநாதர். 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சியும் இந்தப் பெயரால்தான் அறியப்படுகிறார்; இயற்பெயர் சங்கரன். அவர் பிறந்த ஊர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. திருவனந்தபுரத்து வஞ்சியூரை மட்டும் இதில் இழுக்க வேண்டாம். குறில் 'வஞ்சி' வேறு சொல்.

'வேண்டும்' என்று அழுத்திச் சொல்லும் ஜெர்மன் வினை 'வொல்லென்'. அதுவும் சொந்தம்தான்: சமஸ்கிருதத்தில் 'தேர்ந்தெடு' என்ற பொருளில் வரும் 'வ்ரு' வேருக்கு உறவு. வரமும், பெண் வீட்டார் தேடும் வரனும் அதிலிருந்து வந்தவை.

ஆனால் மலையாளத்தில் 'ஒரு சாய வேணம்' (ஒரு டீ வேண்டும்) என்று கேட்டுப் பழகியவர், ஜெர்மனியில் தேநீர்க் கடைக்குப் போய் 'வொல்லென்' போட்டுக் கேட்டால் அதட்டல்போல இருக்கும். அங்கே 'மோஷ்டே' என்பதே மரியாதை. இது 'மோகென்' என்ற வினையின் சப்ஜங்க்டிவ் வடிவம். முன்பு அதற்கு 'இயலும்' என்றுதான் பொருள். அதிகாரத்தைக் குறிக்கும் 'மாஹ்ட்' அதன் இனம். திறனைக் குறித்த சொல்லே தேய்ந்து தேய்ந்து, கடைக்காரரிடம் பணிவாகக் கேட்கும் சொல்லாகிவிட்டது. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 'ஹெட்டெ கெர்ன்' இன்னும் ஒரு படி பணிவு. 'இருந்தால் நன்றாயிருக்கும்' என்று சுற்றி வளைப்பது அது.

'வேண்டும்' இந்த உறவுக் கூட்டத்தில் சேராது. அது திராவிட வேர். மலையாள 'வேணம்', தெலுங்கு 'வேடு', கன்னட 'பேடு' அதன் உடன்பிறப்புகள்.