மலேசியாவில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள்

மலேசியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள், 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதும் ஆங்கிலேய அரசு பிறப்பித்த அவசரகால விதிகளிலிருந்து கிளைத்தவை. விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், துப்பாக்கி வைத்திருந்ததற்கே தூக்குத் தண்டனை விதிக்கவும் இடமளித்த அவ்விதிகளின்படி, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவசரகாலம் முடிந்த மறுநாளான 1960 ஆகஸ்டு 1 அன்று, 'இசா' என மக்கள் வழங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. காவல்துறை ஒருவரை 60 நாள் தடுத்து வைக்கலாம், அதன்பின் அமைச்சரின் ஆணையால் ஈராண்டுக் காவலைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம் என்பதே அதன் சாரம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க எழுந்த இச்சட்டம், 1987இன் லாலாங் நடவடிக்கையில் எதிர்க்கட்சியினரையும் சமூக ஆர்வலர்களையும், 2007 டிசம்பரில் மலேசிய இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் அமைப்பின் தலைவர்கள் ஐவரையும் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவரான மனோகரன், முகாமில் இருந்தபடியே 2008 பொதுத்தேர்தலில் கிள்ளான் வட்டாரத்துக் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார்.

சட்டங்கள் இவ்வளவு கடுமையாக இருக்க, தலைநகர் கோலாலம்பூர் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களோ மிகச் சிலவே. 1975 ஆகஸ்டில் ஜப்பானியச் செம்படையினர் கோலாலம்பூரின் ஏஐஏ கட்டடத்தில் தூதரக அதிகாரிகள் உள்ளிட்டோரைப் பிணையாகப் பிடித்தபோது, ஜப்பானியச் சிறைகளிலிருந்து ஐவரை விடுவித்து லிபியாவுக்கு அனுப்பியே அந்நெருக்கடி தீர்க்கப்பட்டது. 2016 ஜூன் 28 அன்று பெட்டாலிங் மாவட்டத்துப் பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வெடித்து எண்மர் காயமுற்றது, மலேசிய மண்ணில் ஐஎஸ் இயக்கம் நடத்திய முதல் தாக்குதலாகக் காவல்துறையால் உறுதிசெய்யப்பட்டது.

சட்டங்களைப் பொறுத்தவரை, 2012இல் இசாவுக்குப் பதிலாகச் 'சொஸ்மா' எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. அமைச்சரின் காலவரையற்ற காவல் ஆணை அதில் இல்லையெனினும், 28 நாள் காவலும் பிணை மறுப்பும் இருந்தன. ஈராண்டுக் காவலையும் 2015இன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் மீட்டுக் கொண்டுவந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தை ஆதரித்ததாக 2019 அக்டோபரில் கடேக், செரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர்கள் உட்படத் தமிழர் 12 பேர் சொஸ்மாவின்கீழ்க் கைதாயினர். இலங்கையில் போர் முடிந்து பத்தாண்டு கடந்திருந்த நிலையில், மாவீரர் நாள் கூட்டத்தில் பங்கேற்றதும் பிரபாகரன் படங்களை வைத்திருந்ததும் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றமை நாடெங்கும் வியப்பையே உண்டாக்கியது. பிணையை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என உயர்நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. படம் வைத்திருப்பதும் பகிர்வதும் ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது எனக் கருதிய அரசுத் தலைமை வழக்கறிஞர் டாமி தாமஸ், 2020 பிப்ரவரியில் வழக்குகளைக் கைவிட்டார். சொஸ்மாவின் 28 நாள் காவல் விதியின் நடப்புக் காலத்தை நீட்டிக்கும் தீர்மானம் 2022 மார்ச்சில் மக்களவையில் தோல்வியுற்று, ஜூலையில் மீண்டும் முன்வைக்கப்பட்டு நிறைவேறியது.