பட்டனை அமுக்கியது யார்? - குதிரை, புறா, குரங்கு

2018 ஏப்ரல் 23. அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்பிரைட் வழக்கில் தீர்ப்பு சொன்னது. வாதியின் பெயர்: நரூட்டோ. தொழில்: எதுவும் இல்லை. முகவரி: இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு காடு. இனம்: தலையில் கொண்டை வைத்த கருங்குரங்கு!

பேப்பரில் இதைப் படித்தவர்கள் எல்லோரும் "இப்படியும் ஒரு கேஸா?" என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். ஆனால் மிருகமும் கேமராவும் சேர்ந்த இடத்தில் "இது யாருடைய வேலை, காசு யாருக்கு?" என்ற தகராறு புதிதல்ல. நூற்று நாற்பது வருடக் கதை அது.

குதிரை அறுத்த நூல்

அந்தக் காலத்து ஓவியர்கள் பாய்ந்து ஓடும் குதிரையை எப்படி வரைவார்கள் தெரியுமா? முன்னங்கால் இரண்டும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டி, அந்தரத்தில் பறப்பது போல. நிஜத்தில் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறதா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னரும் ரயில்வே கோடீஸ்வரருமான லேலண்ட் ஸ்டான்போர்டுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆசை. (25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உலாவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.)

1878 ஜூனில், பாலோ ஆல்டோவில் இருந்த அவருடைய பண்ணையில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற இங்கிலாந்துக்காரர் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 27 அங்குல இடைவெளி. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு நூல், பாதைக்குக் குறுக்கே. சாலி கார்ட்னர் என்ற பெண்குதிரை பாய்ந்து வந்து நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தது. அறுபட அறுபட ஷட்டர்கள் இயங்கின.

படங்களில் விடை கிடைத்தது. நான்கு காலும் தரையை விட்டு எழும்புகிறது. ஆனால் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது! ஓவியர்கள் அத்தனை வருடமும் தப்பாகவே வரைந்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் படங்களை எடுக்க மைப்ரிட்ஜின் விரல் எந்தக் கேமராவையும் தொடவில்லை. தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது குதிரைதான். ஆனால் சண்டை வந்தது மனிதர்களுக்குள். 1882-ல் ஸ்டான்போர்டின் ஆதரவில், அவருடைய நண்பர் டாக்டர் ஸ்டில்மன் பெயரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. மைப்ரிட்ஜின் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் அதில் நிறைய. முதல் பக்கத்தில் மைப்ரிட்ஜ் பெயர் இல்லை. அவர் ஸ்டான்போர்டு மேல் வழக்குப் போட்டார், தோற்றார். பணம் போட்டவர் பக்கம் காற்று வீசியது.

புறாவின் மார்பில் கேமரா

அடுத்த கதை ஜெர்மனியில். பிராங்பர்ட் நகருக்குப் பக்கத்தில் க்ரோன்பெர்க் என்ற ஊர். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த யூலியஸ் நியூப்ரோனர், சீட்டு கொண்டுவரவும் சின்னச் சின்ன மருந்துப் பொட்டலம் அனுப்பவும் புறா வளர்த்தார். ஒரு தடவை மூடுபனியில் வழி தவறிப் போன புறா நான்கு வாரம் கழித்து, நன்றாகத் தின்று கொழுத்துத் திரும்பி வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இது? கேமரா கட்டி அனுப்பினால் தெரிந்துவிடுமே!

விளையாட்டாகத் தோன்றியதை நிஜமாகவே செய்துவிட்டார். மார்பில் அலுமினியத் தகடு, தோல்வார், 75 கிராமுக்குள் ஒரு கேமரா. பட்டனை யார் அமுக்குவது? அதற்கும் வழி கண்டார். ஒரு சின்னக் குழாய்க்குள் காற்றை அடைத்து, அது மெதுவாகக் கசியும்படி விட்டார். காற்று கசியக் கசிய உள்ளே பிஸ்டன் நகரும். குறித்த நேரத்தில் அது ஷட்டரைத் தட்டிவிடும்.

1907-ல் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். ஒரு புறா இவ்வளவு சுமையைத் தூக்காது என்று அலுவலகம் தள்ளிவிட்டது. அவர் புறா எடுத்த போட்டோக்களையே சான்றோடு அனுப்பினார். 1908 டிசம்பரில் பேட்டன்ட் கிடைத்தது. 1909-ல் டிரெஸ்டன் கண்காட்சியில் புறாக்கள் வந்து இறங்க இறங்க, படத்தைக் கழுவி அங்கேயே தபால் அட்டையாக விற்றார்கள். க்ரோன்பெர்க் அரண்மனையைக் காட்டும் ஒரு படம் ரொம்பப் பிரபலம். அதன் இரண்டு ஓரத்திலும் புறாவின் இறக்கை நுனி தெரியும். எடுத்தவரே கையெழுத்துப் போட்ட மாதிரி!

நியூப்ரோனர் நம்பியிருந்த பெரிய வாடிக்கையாளர் ராணுவம்தான். முதல் உலகப் போரில் சோதனை நடந்தது. ஆனால் விமானம் வந்துவிட்ட பிறகு புறா கேமராவுக்கு என்ன தேவை? பேட்டன்ட் கையில் இருந்தது, சரக்குதான் விலை போகவில்லை. (அந்த யோசனை சாகவில்லை. 1970களில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. புறாவில் கேமரா கட்டிப் பரீட்சித்துப் பார்த்தது 2019-ல் வெளியான ஆவணங்களில் தெரிந்தது.)

குரங்கு அமுக்கிய பட்டன்

இப்போது நரூட்டோவுக்கு வருவோம். இங்கிலாந்துப் புகைப்படக்காரர் டேவிட் ஸ்லேட்டர் சுலவேசிக் காட்டில் குரங்குக் கூட்டத்தோடு மூன்று நாள் அலைந்தார். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அளவுகளைச் சரிசெய்து, குரங்குகளை விளையாட விட்டதாகச் சொன்னார். ஒரு குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டு தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டது. 2011 ஜூலையில் அந்தப் படம் உலகம் பூரா பரவியது.

பிறகு வந்தது வில்லங்கம். குரங்கு எடுத்த படத்துக்கு காப்பிரைட்டே கிடையாது என்று விக்கிமீடியா படத்தை எல்லோருக்கும் இலவசமாக வைத்தது. எடுக்கச் சொன்னார், மறுத்தார்கள். 2014 டிசம்பரில் அமெரிக்க காப்பிரைட் அலுவலகம், பதிவு செய்ய முடியாத படைப்புக்கு உதாரணமாக "குரங்கு எடுத்த போட்டோ" என்றே எழுதிவிட்டது. 2015-ல் பீட்டா அமைப்பு, உரிமை குரங்குக்குத்தான் என்று நரூட்டோ சார்பில் வழக்குப் போட்டது. படத்தில் இருப்பது நரூட்டோவே இல்லை, வேறு பெண்குரங்கு என்றார் ஸ்லேட்டர்!

2016-ல் கீழ்க் கோர்ட்டு பீட்டாவின் வாதத்தை ஏற்கவில்லை. 2017 செப்டம்பரில் சமரசம் ஆனது. அந்தப் படத்தில் இனி வரும் வருமானத்தில் 25 சதவீதத்தை அந்த இனக் குரங்குகளின் பாதுகாப்புக்குத் தர ஸ்லேட்டர் ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2018-ல், காப்பிரைட் சட்டத்தில் மிருகம் வழக்குப் போட இடமில்லை என்று முடித்துவைத்தது. ஆனால் அதற்குள், விசாரணைக்குப் போக விமான டிக்கெட்டுக்கே காசில்லை என்று பேட்டி கொடுக்கும் நிலைக்கு ஸ்லேட்டர் வந்திருந்தார். வழக்கில் ஜெயித்தவர் நிலைமை இது.

கணக்கை முடித்துப் பார்த்தால்...

மூன்று கதையிலும் யோசித்து, செலவழித்து, ஏற்பாடு செய்தவன் மனிதன். மூன்றிலும் பட்டனை அமுக்கியது அவன் கை அல்ல. அப்படியானால் படம் யாருடையது? மைப்ரிட்ஜ் காலத்தில் முதலாளி ஜெயித்தார். நியூப்ரோனருக்குச் சட்டம் உதவியது, சந்தை உதவவில்லை. ஸ்லேட்டர் படத்தை உலகமே எடுத்துக்கொண்டது.

இது சிரிப்புச் செய்தியோடு நிற்கவில்லை. 2023-ல் அமெரிக்காவில், கம்ப்யூட்டர் தானாக உருவாக்கிய படத்துக்கு காப்பிரைட் கேட்டு ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். மனிதன் படைத்தால்தான் காப்பிரைட் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் மேற்கோளாக வந்த வழக்குகளில் ஒன்று நம்ம நரூட்டோவின் வழக்கு! நாளைக்கு மெஷினை வைத்துப் படமும் பாட்டும் செய்து பிழைக்க நினைக்கிறவர்களின் வருமானம் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

சாலி கார்ட்னருக்கும் க்ரோன்பெர்க் புறாக்களுக்கும் எந்தப் பங்கும் எழுதப்படவில்லை. சுலவேசியின் கருங்குரங்கு இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். அந்த 25 சதவீதம்தான் இந்த மூன்று கதையிலும் மிருகத்தின் கணக்கில் விழுந்த ஒரே வரவு. அதுவும் இலவசமாக எங்கும் கிடைக்கும் ஒரு படத்திலிருந்து!